பலம் என்று எதை எழுதுவது? ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து ஒரு ரெஸ்யூம்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறாள்: "அக்கா, எம்.காம் முடித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. சென்னை, கோயம்புத்தூர், மதுரை என்று முப்பது கம்பெனிக்கு மேல் ரெஸ்யூம் அனுப்பினேன். கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். உன் பலத்தைக் காட்டி எழுது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னிடம் பலம் என்று என்ன இருக்கிறது? நான் படித்த படிப்பைத்தான் எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஆத்தங்குடியில் மாமாவின் தரைக்கல் பட்டறையில் கணக்குப் பார்க்கிறேன். அது வீட்டு வேலை மாதிரிதானே, அதனால் எழுதவில்லை. என் ரெஸ்யூமைப் பார்த்துச் சொல்லுங்கள்."

பார்த்தேன்ம்மா, இரண்டு முறை. பத்தொன்பது வருடம் சென்னையில் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருப்பவள் நான். உன் ரெஸ்யூம் மாதிரி ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அது எங்கே தயாரானது என்றும் தெரிகிறது. ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ ஒரு மாதிரி வைத்திருப்பார்கள். பெயரையும் மார்க்கையும் மட்டும் மாற்றி அச்சடித்துத் தருவார்கள். மேலே 'கேரியர் அப்ஜெக்டிவ்' என்று நான்கு வரி, சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன் என்று. கீழே 'ஸ்ட்ரென்த்ஸ்' என்று ஐந்து புள்ளி: ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர், குயிக் லேர்னர், பாசிட்டிவ் திங்கிங், பங்சுவல். அதற்கும் கீழே அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஓர் உறுதிமொழி, கையெழுத்து.

இதில் எதுவும் பொய் இல்லை. நீ நிஜமாகவே கடுமையாக உழைப்பவளாக இருக்கலாம். ஆனால் அந்த ஐந்து சொல்லையும் உழைக்காதவரும் எழுதுவார், அதே கடையில், அதே எழுத்துருவில். படிப்பவருக்கு இருவரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. அமெரிக்காவில் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2018-ல் ஆள் எடுப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தது. முதல் பார்வையில் ஒரு ரெஸ்யூமுக்குச் சராசரியாக 7.4 விநாடிதான் கிடைத்தது. என் மேசையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். திங்கட்கிழமை காலையில் இருநூறு விண்ணப்பம் வந்து கிடக்கும்போது 'டீம் பிளேயர்' என்ற சொல்லின் மேல் கண் நிற்கவே நிற்காது.

அப்படியானால் கண் எங்கே நிற்கும்? ஒருவர் செய்த ஒரு காரியத்தின் மேல் நிற்கும்.

எனக்கு இதைப் புரியவைத்தவன் கானாடுகாத்தான் பக்கத்துப் பையன் ஒருவன். ஸ்டோர்ஸ் உதவியாளர் வேலைக்கு வந்திருந்தான். அவன் ரெஸ்யூமும் உன்னுடையது மாதிரிதான். எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் சொல்லிவிட்டதால்தான் கூப்பிட்டோம். இல்லையென்றால் நான் அதை ஒதுக்கி வைத்திருப்பேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கேட்பதில்லை. நேர்காணலில் கேட்ட எதற்கும் சரியாக வாய் திறக்கவில்லை. கடைசியில், ஊர்க்காரப் பிள்ளை என்ற வாஞ்சையில், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். தவசுப்பிள்ளை என்றான். கல்யாண வீடுகளில் சமைப்பவர். நீயும் போவாயா என்றேன். அவ்வளவுதான், பையன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

சாமான் பட்டியல் போடுவது அவன் வேலையாம். அறுநூறு இலை என்றால் அரிசி எத்தனை, பருப்பு எத்தனை, காலைப் பலகாரத்துக்கு உளுந்து எத்தனை என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதிப் பழகி, பத்தாவது படிக்கும்போதே தானாகப் போட ஆரம்பித்திருக்கிறான். பெண் வீட்டார் கடைசி நேரத்தில் நூறு இலை கூட்டினால் எதை மட்டும் கூட்ட வேண்டும், எது ஏற்கெனவே போட்டதிலேயே தாங்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. விசேஷம் முடிந்ததும் மிஞ்சியதை எடை போட்டு நோட்டில் எழுதி, பிரிக்காத மூட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கி வருவதும் அவன்தான். ஒரு ஸ்டோர்ஸ் ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? தேவையைக் கணக்கிடுகிறான், இருப்பைப் பார்க்கிறான், திருப்பி அனுப்புகிறான், எழுதி வைக்கிறான். இவற்றில் ஒரு வரிகூட அவன் தாளில் இல்லை. "அது அப்பா தொழில் மேடம், அதைப் போய் எப்படி எழுதுவது" என்றான். வேலைக்கு எடுத்தோம். அவனை மாதிரி வாய்ப்புக் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அதன்பிறகு நான் யோசிக்காத நாள் குறைவு.

நீயும் இதே சொல்லைத்தான் சொல்கிறாய்: வீட்டு வேலை மாதிரி. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இந்தக் கூச்சம் இருக்கிறது. புதுவயலில் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்குப் பார்த்தவன், கண்டாங்கிச் சேலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு வெளியூருக்கு விற்றவள், பிள்ளையார்பட்டியில் அப்பாவின் கடையில் விடுமுறை நாள் கூட்டத்தைச் சமாளித்தவன், எல்லோரும் அதை மறைத்துவிட்டு, மூன்று நாள் நடந்த பயிலரங்கின் சான்றிதழை முன்னால் வைக்கிறார்கள். சம்பளச் சீட்டு இல்லாத வேலை வேலையே இல்லை என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்துவிட்டது.

நம் ஊரின் பழைய வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடைகள் நடந்த காலத்தில், சின்ன வயதில் கப்பல் ஏறுகிற பையன் முதலில் பெட்டியடிப் பையன். கணக்குப் பெட்டியின் அடியில் உட்கார்ந்து எடுபிடி செய்துகொண்டே சிட்டை என்ற அன்றாடக் கணக்கும் பேரேடும் எழுதப் பழகுவான். அப்புறம் அடுத்தாள். அப்புறம் கடையையே பொறுப்பேற்று நடத்தும் மேலாள். ஒவ்வொரு படியிலும் அவன் கையில் என்ன ஒப்படைத்தார்கள், அதை எப்படித் திருப்பிக் காட்டினான் என்பதுதான் பேச்சு. வரவு செலவைச் சரிபார்க்கும் ஐந்தொகை நேராக வந்ததா, வசூல் நடந்ததா, அது போதும். யாரும் அவனைக் 'கடின உழைப்பாளி' என்று எழுதித் தரச் சொன்னதில்லை. பேரேடே அவனைப் பற்றிச் சொல்லிவிடும்.

அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இருந்தது. அது தெரிந்தவர்களுக்குள், சொந்தத்துக்குள் நடந்தது. பையனின் வீட்டை அறிந்தவர்தான் அவனை வேலைக்கு எடுத்தார். அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவனுக்காகச் சொல்ல ஆள் கிடையாது. ரெஸ்யூமை நான் மதிப்பது இதனால்தான். சிபாரிசுக்கு ஆள் இல்லாத பிள்ளை, தன் காரியத்தைத் தானே சொல்லிக்கொள்ளக் கிடைத்த ஒரே தாள் அது. அதைப் போய் ஜெராக்ஸ் கடைக்காரரின் சொற்களால் நிரப்பலாமா?

சரி, உன் பட்டறைக்கு வருவோம். உன் கடிதத்தின் அடியில், போகிற போக்கில் நீ எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று நான்கு லோடு போகும். பார்ட்டி வீட்டு வரைபடத்தை அனுப்பினால் எத்தனை கல் வேண்டும் என்று நீ கணக்குப் போட்டுச் சொல்வாய். பில்லை டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றுவாய். பெங்களூரு லோடுக்கு, சரக்கோடு போக வேண்டிய ஈ-வே பில் என்ற ஆவணம் போடுவாய். கல் உடைந்துவிட்டது என்று பார்ட்டி சத்தம் போட்டால் போனை உன்னிடம்தான் தருவார்கள். அப்புறம் இதைப் பார்: "முன்னால் நூற்றுக்கு ஏழெட்டுக் கல் உடையும். எந்த லோடில் எவ்வளவு உடைகிறது என்று ஆறு மாதம் எழுதிப் பார்த்தேன். படுக்கவைத்து அடுக்கியதில்தான் அதிகம் உடைந்தது. நிறுத்திவைத்து இடையில் வைக்கோல் வைக்கச் சொன்னேன். இப்போது இரண்டு மூன்றுதான்."

இதை எழுதிவிட்டு, என்னிடம் பலம் என்று என்ன இருக்கிறது என்று கேட்கிறாய். எனக்குக் கண் கலங்கிவிட்டதும்மா. ஆறு மாதம் குறித்து வைத்து, காரணம் கண்டுபிடித்து, பெரியவர்களிடம் சொல்லி வழக்கத்தை மாற்றியிருக்கிறாய். பெரிய தொழிற்சாலைகளில் இதைச் செய்வதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள்.

ஆத்தங்குடிக் கல் என்ன பொருள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் ரெஸ்யூமைப் படிக்கப்போகிறவருக்குத் தெரியாது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, நிறக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுடுவது கிடையாது. ஒவ்வொன்றும் கைவேலை. நிறம் ஒரு தவணைக்கு ஒரு தவணை கொஞ்சம் மாறும். அதனால் கல் குறைந்துபோனால் அதே நிறத்தில் பிறகு செய்து கொடுப்பது கஷ்டம். முதலிலேயே சரியாகக் கணக்குப் போட்டாக வேண்டும். பத்துக்குப் பத்து அங்குலக் கல் என்றால் நூறு சதுர அடிக்கு 144, எட்டுக்கு எட்டு என்றால் 225, அதற்கு மேல் வெட்டுக்கும் உடைசலுக்கும் எவ்வளவு சேர்ப்பது, ஓரப் பட்டைக்கு எத்தனை, நடுவில் பூவுக்கு எத்தனை. இதைத் தினமும் மனக்கணக்காகச் செய்கிற பெண்ணின் தாளில் 'குட் அட் மேத்ஸ்' என்றுகூட இல்லை.

இப்போது இதை வரிகளாக்கலாம். ரெஸ்யூமை நீ ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போகிறாய். ஆனாலும் முதலில் தமிழில் எழுது. ஆங்கிலத்தில் யோசிக்க ஆரம்பித்தால் கடைக்காரரின் சொற்கள்தான் முதலில் வந்து நிற்கும். தமிழில் மாமாவிடம் சொல்வதுபோல எழுதினால் நடந்தது நடந்தபடி வரும். அப்புறம் எளிய ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

'பொறுமையாகப் பேசுவேன், நல்ல கம்யூனிகேஷன் ஸ்கில்' என்று நீ எழுதியிருக்கும் இடத்தில் இப்படி: "சென்னை, பெங்களூரு வாடிக்கையாளர்களின் உடைசல் புகார்களை நேரடியாகப் பேசி முடித்தேன். மாற்றுக் கல் அனுப்பும் தேதியை அன்றைக்கே உறுதி செய்தேன்."

'அனலிட்டிக்கல்' என்ற இடத்தில்: "ஆறு மாதம் லோடுவாரியாக உடைசலைப் பதிவு செய்து, அடுக்கும் முறையை மாற்றச் செய்ததில், உடைசல் நூற்றுக்கு ஏழெட்டிலிருந்து இரண்டு மூன்றாகக் குறைந்தது."

'டேலி தெரியும்' என்ற இடத்தில்: "வாரம் மூன்று நான்கு லோடுகளுக்கான பில், வெளிமாநில லோடுகளுக்கான ஈ-வே பில், வங்கி வரவு சரிபார்ப்பு ஆகியவற்றைத் தனியாகப் பார்க்கிறேன்."

கூகுளில் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் இதற்கு ஒரு வாய்பாடு சொல்வார்: எதைச் சாதித்தேன், அதை எந்த அளவால் சொல்லலாம், எதைச் செய்து சாதித்தேன். மூன்றும் ஒரே வரியில் இருக்க வேண்டும். உடைசல் வரியைப் பார், மூன்றும் இருக்கிறது. எல்லா வரியிலும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன். எண்ணே இல்லாத நல்ல வேலைகள் உண்டு. ஆனால் ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வரியாவது இப்படி இருந்தால், மற்ற வரிகளையும் நம்பிப் படிப்பார்கள்.

எண்ணைக் கூட்டிச் சொல்லாதே. இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். ஏழெட்டு என்பதைப் பதினைந்து ஆக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நேர்காணலில் எதிரே இருப்பவர் மூன்று கேள்வி கேட்பார்: எப்படி எண்ணினாய், எத்தனை லோடில் பார்த்தாய், வைக்கோலுக்கு ஆன செலவு எவ்வளவு? நிஜமாகச் செய்தவளுக்கு இந்த மூன்று கேள்வியும் சந்தோஷம். கூட்டிச் சொன்னவருக்கு இரண்டாவதிலேயே நாக்கு உலர்ந்துவிடும். உன் நோட்டை எடுத்து ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, வந்த எண்ணையே போடு. தோராயம் என்றால் 'சுமார்' என்று போடு, தப்பில்லை.

இதுவரை சொன்னது உனக்கே தெரிந்த பலம். நமக்கே தெரியாத பலம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: என்ன நடந்தால் வீட்டில் உன்னைக் கூப்பிடுகிறார்கள்? கல்யாண வீட்டில் மொய் எழுத யாரை உட்காரவைக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறாயா? கணக்கில் தப்பாதவர், எத்தனை பேர் சூழ்ந்து நின்று பேசினாலும் தடுமாறாதவர், யார் எவ்வளவு எழுதினார் என்று வெளியே பேசாதவர். அந்த மூன்று குணமும் இருப்பதாக ஊர் முடிவு செய்த ஆளைத்தான் அந்த நாற்காலியில் உட்காரவைப்பார்கள். மொய் எழுதினேன் என்று ரெஸ்யூமில் போடச் சொல்லவில்லை. எங்கே தேட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் பேச உன்னைக் கூட்டிப் போகிறார்களா? பாங்க் படிவம் நிரப்பத் தெருக்காரர்கள் உன்னிடம் வருகிறார்களா? இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் உன்னை அனுப்புகிறார்களா? மாமா, ஒரு தோழி, உனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவர் என்று மூன்று பேரிடம் இதைக் கேள். பதிலோடு ஒரு சம்பவத்தையும் சொல்லச் சொல். 'நீ நல்ல பொண்ணு' என்பதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. 'அன்றைக்கு லாரி வரவில்லை என்றதும் நீதான் திருப்பத்தூரில் வேறு வண்டி பிடித்தாய்' என்பதை வைத்து ஒரு வரி எழுதலாம்.

அப்புறம், இருக்கும் பலம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டக் கூடாது. வேலைக்குத் தக்கபடி எதை முன்னால் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் சோம்பல் படுகிறார்கள். ஒரே கோப்பை முப்பது இடத்துக்கு அனுப்புவதைவிட, பத்து இடத்துக்குப் பத்து விதமாகத் திருத்தி அனுப்புவது மேல்.

உனக்கே இரண்டு உதாரணம் சொல்கிறேன். மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் கணக்கு உதவியாளர் கேட்கிறது என்று வை. அவர்களுக்கு வேண்டியது தேதி தவறாத ஆள். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி படிவம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். அந்தப் பத்து நாள் அங்கே என்ன பாடு என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே உன் முதல் வரி பில், ஈ-வே பில், வரவு சரிபார்ப்பு. மாமாவின் பட்டறைக்கு ஜிஎஸ்டி விவரங்களைத் திரட்டி ஆடிட்டருக்கு அனுப்புவது நீதான் என்றால், எந்தத் தேதிக்குள் அனுப்புகிறாய் என்பதையும் சேர். வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்குப் போனால் ஈ-வே பில் கட்டாயம், அதில் வண்டி எண் தப்பாகப் போனால் லாரி வழியில் நிற்கும். அந்தப் பதற்றத்தைப் பழகியவள் நீ என்று அவர்கள் ஒரே வரியில் புரிந்துகொள்வார்கள். உடைசல் கதை கீழே மூன்றாவதாகப் போகட்டும்.

அதே வாரம் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வாடிக்கையாளர் ஒருங்கிணைப்புக்கு ஆள் கேட்கிறது என்று வை. அங்கே உடைசல் வரிதான் முதலில். புகார் பேசியது இரண்டாவது. வரைபடம் பார்த்துக் கல் கணக்குச் சொல்வது மூன்றாவது. டேலி ஒரு சொல்லாகத் திறன் பட்டியலில் இருந்தால் போதும். ஆள் ஒன்றுதான், செய்த வேலையும் ஒன்றுதான், முன்னால் நிற்பது மட்டும் வேறு. விளம்பரத்தை அச்சடித்து, அவர்கள் என்னென்ன செய்யச் சொல்கிறார்கள் என்ற வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார். உன் வரிகளில் எது எந்த வினைக்குப் பதில் சொல்கிறது என்று பக்கத்தில் எழுது. பதில் சொல்லாத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே போகட்டும்.

தலைப்பில் அந்த 'அப்ஜெக்டிவ்' வேண்டாம். உனக்கு என்ன வேண்டும் என்பதை அது சொல்கிறது. படிப்பவர் தனக்கு என்ன கிடைக்கும் என்று தேடுகிறார். அதற்குப் பதிலாக மூன்றே வரியில் நீ யார் என்று சொல்: "எம்.காம் பட்டதாரி. ஆத்தங்குடிக் கல் பட்டறையில் பில், வெளிமாநில லோடு ஆவணங்கள், வாடிக்கையாளர் தொடர்பு ஆகியவற்றை ஓராண்டாகப் பார்த்து வருகிறேன். போக்குவரத்தில் கல் உடைவதைப் பாதிக்கும் கீழே குறைக்க உதவினேன்." இதைப் படித்தவர் அடுத்த வரிக்குப் போகாமல் இருக்க மாட்டார்.

இதிலேயே உன் இன்னொரு கவலையும் தீர்ந்துவிடுகிறது. ஒரு வருட இடைவெளி தெரிகிறதே என்று எழுதியிருந்தாய். இடைவெளி எங்கே இருக்கிறது? நீ வேலையில் இருந்திருக்கிறாய். 'அலுவலகம் மற்றும் விற்பனைக் கணக்கு, குடும்பக் கல் பட்டறை, ஆத்தங்குடி' என்று மாதம், வருடம் போட்டு அனுபவம் என்ற தலைப்பிலேயே எழுது. குடும்பப் பட்டறை என்பதை மறைக்காதே. கேட்டால் ஆமாம், மாமாவுடையது என்று சொல்.

படிப்புப் பகுதியில் நேரம் செலவழிக்க வேண்டாம். பட்டம், கல்லூரி, வருடம், மதிப்பெண், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு மார்க் இனித் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்லணும். கல்லூரி புராஜெக்ட் என்றால் இடத்தின் பெயரை மட்டும் போட்டு விட்டுவிடுகிறார்கள். காரைக்குடியில் 1953-ல் திறந்த சிக்ரி இருக்கிறது, நாட்டின் பெயர்பெற்ற மின்வேதியியல் ஆய்வகம். அங்கே புராஜெக்ட் செய்த வேதியியல் மாணவர்களின் ரெஸ்யூம்கள் எனக்கு வந்திருக்கின்றன. 'புராஜெக்ட்: சிக்ரி' என்று மட்டும் இருக்கும். அந்தப் பெயர் ஆய்வகத்தின் பலம். அங்கே நீ எந்த மாதிரியை அளந்தாய், எத்தனை முறை அளந்தாய், என்ன தெரிந்தது என்பதுதான் உன் பலம். உன் எம்.காம் புராஜெக்டையும் அப்படியே திருத்து. நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தேன் என்றால், அவர்களை எங்கே பிடித்தாய், என்ன கண்டாய் என்று ஒரு வரி.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்று எங்கோ அடியில் போட்டிருக்கிறாய். அதை மேலே கொண்டு வா. ஆங்கிலம் ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 சொல், அரசுத் தேர்வு எழுதித் தேறியது. 'குயிக் லேர்னர்' என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. இதைச் சரிபார்க்கலாம். நம் ஊரில் பத்தாவது விடுமுறையில் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போன எத்தனையோ பிள்ளைகள் இதன் அருமை தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

மொழி பற்றி: தமிழ், ஆங்கிலம், இந்தி என்று வெறும் பெயர் வேண்டாம். பெங்களூரு பார்ட்டிகளிடம் போனில் ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்கிறாய் அல்லவா, 'வாடிக்கையாளர்களுடன் போனில் பேசும் அளவு ஆங்கிலம்' என்று எழுது. இந்தி எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்றால் விட்டுவிடு.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒரே பக்கம். பெரிய கம்பெனிகளும் வேலைத் தளங்களும் முதலில் மென்பொருளை விட்டுப் படிக்கவைக்கின்றன. பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த அலங்கார வடிவம், கட்டங்கள், படங்களுக்குள் எழுதிய எழுத்து ஆகியவற்றில் அது தடுமாறும். ஆகவே மேலிருந்து கீழே ஒரே வரிசை, சாதாரண எழுத்துரு. விளம்பரத்தில் 'டேலி' என்று இருந்தால் உன் தாளிலும் அதே சொல் இருக்கட்டும், 'கணக்கு மென்பொருள்' என்று மாற்றாதே. பிடிஎஃப் ஆக்கி, உன் பெயரையும் வேலையின் பெயரையும் கோப்புக்கு வை. திறன்களுக்கு நட்சத்திரம் போடுவது, எக்செல் எண்பது சதவீதம் என்று கோடு வரைவது, இவை வேண்டாம். எதில் எண்பது என்று யாருக்கும் புரியாது. எக்செலில் என்ன செய்வாய் என்று சொல்: லோடுவாரியாக உடைசல் அட்டவணை போட்டு மாதச் சராசரி எடுத்தாயே, அது.

சாதி, மதம், அப்பா பெயர், திருமணம் ஆனதா இல்லையா, இவற்றை எடுத்துவிடு. தனியார் வேலைக்கு இவை வேண்டியதில்லை. படிப்பவர் உன்னைத் தவறான காரணத்துக்காக எடுக்கவோ விடவோ வழி செய்யும். அரசு வேலைக்கு அவர்களே தரும் படிவத்தில் கேட்பதை நிரப்பு, அது வேறு. உறுதிமொழி வேண்டாம். புகைப்படம் அவர்கள் கேட்டால் மட்டும். வளைகுடா நாட்டு வேலைக்கு ஏஜென்சிகள் பல நேரம் படமும் பாஸ்போர்ட் விவரமும் கேட்பார்கள். அதற்குத் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள். பாஸ்போர்ட் எண்ணைக் கண்ட இடத்துக்கெல்லாம் அனுப்பாதே.

'கடுமையாக உழைப்பேன்' என்பதை எடுத்துவிட்டால் என் குணம் எப்படித் தெரியும் என்று உனக்குத் தோன்றலாம். நேர்மை, பொறுமை, விடாமுயற்சி எல்லாம் பெரிய பலங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்தொன்பது வருடத்தில் நான் எடுத்த ஆட்களில் நிலைத்து நின்றவர்கள் குணத்தால் நின்றவர்கள்தான். ஆனால் குணத்தை நாமே பெயர் சொல்லி அழைத்தால் அது தாளில் ஒட்டுவதில்லை. ஆறு மாதம் ஒரு லோடு விடாமல் உடைந்த கல்லை எண்ணினாள் என்று படிப்பவர், விடாமுயற்சி என்ற சொல்லைத் தானே சொல்லிக்கொள்வார். அவராகச் சொன்னால்தான் அவருக்கு நம்பிக்கை வரும்.

கடைசியாக, தெரிந்தவர் பெயர் போடும் இடத்தில் மாமாவின் பெயரைக் கொடுத்திருக்கிறாய். சொந்தக்காரர் சொல்வதற்கு மதிப்புக் குறைவு. உன்னிடம் மூன்று வீட்டுக்குக் கல் வாங்கிய பெங்களூரு ஆர்க்கிடெக்ட் ஒருவரைப் பற்றி எழுதியிருந்தாயே, உடைசலுக்காகச் சத்தம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கும் உங்களிடமே வந்தவர். அவருக்குப் போன் செய்து, என்னைப் பற்றி யாராவது கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வீர்களா என்று கேள். சம்மதித்தால் அவர் பெயரும் எண்ணும் கையில் இருக்கட்டும், கம்பெனி கேட்கும்போது கொடுக்கலாம். நோட்டைப் பார்த்து எண்ணி முடித்ததும் திருத்திய தாளை எனக்கு அனுப்பு. உடைசல் வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.